நகராட்சிக்கு 40 கணினி: ஸ்பெசிபிகேஷன் தாளில் எதை எழுதுவது, எதை விடுவது?

கேள்வி இதுதான். ஒரு நகராட்சியில் இளநிலை உதவியாளராக இருப்பவரிடம் 40 கணினி, பிரிண்டர், யு.பி.எஸ் வாங்குவதற்கான கோப்பு வந்திருக்கிறது. உள்ளூர் விற்பனையாளர் ஒருவர் "எல்லா சீட்டுக்கும் ஐ7, 16 ஜிபி" என்று ஸ்பெசிபிகேஷனை டைப் அடித்தே கொடுத்துவிட்டார். அதை அப்படியே போடலாமா, இல்லை என்றால் எதை வைத்து முடிவு செய்வது என்று கேட்கிறார்.

போடாதீர்கள். ஐ7 என்ற இன்டெல்லின் உயர்வகை பிராசசர் கெட்டது என்பதால் சொல்லவில்லை. விற்பவர் எழுதிக் கொடுக்கும் தாளில் அவரிடம் இருக்கும் ஒரே ஒரு மாடலுக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி ஏதாவது ஒரு வரி இருக்கும். பெட்டியின் கொள்ளளவு இத்தனை லிட்டருக்குள், பின்பக்கம் யு.எஸ்.பி சரியாக இத்தனை, எடை இத்தனை கிலோவுக்குக் கீழ் என்று பார்வைக்கு அப்பாவியாக இருக்கும். டெண்டர் திறந்தபின் மற்ற மூவரும் அந்த வரியில்தான் தள்ளுபடி ஆவார்கள். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-ல் வந்தது, அதன் விதிகள் 2000-ல் வந்தன. போட்டியைக் குறுக்கும் நிபந்தனைகளைத் தவிர்க்கத்தான் அவை. தணிக்கைக்காரர் கேட்கும் முதல் கேள்வி "இந்த வரி எதற்கு?" என்பதுதான். பதில் கோப்பில் இல்லையென்றால் தணிக்கைத் தடை உங்கள் பெயருக்கு வரும், கடைக்காரர் பெயருக்கு வராது.

மாநில அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் வழியாக வாங்குவதா, மத்திய அரசின் இணையச் சந்தையான ஜெம் தளத்திலா, நீங்களே டெண்டர் விடுவதா என்பதை உங்கள் துறையின் அரசாணை சொல்லும். மத்திய அரசு அலுவலகங்களுக்கு இந்தக் குழப்பம் குறைவு. பொது நிதி விதிகள் 2017-ல் 149-ஆவது விதி, ஜெம்மில் கிடைப்பதை ஜெம்மில்தான் வாங்க வேண்டும் என்கிறது. வழி எதுவானாலும் ஒன்று மாறாது: எல்-1 வந்தவர், அதாவது குறைந்த விலை சொல்லி ஜெயித்தவர், நீங்கள் எழுதியதைத்தான் தருவார், மனதில் நினைத்ததைத் தரமாட்டார். எழுதாத எல்லாவற்றிலும் இருப்பதிலேயே மலிவானது வந்து இறங்கும். அதில் அவர் மேல் குற்றமும் இல்லை.

ஆகவே பிராசசரில் தொடங்காதீர்கள். ஒரு வெள்ளைத்தாளோடு சீட் சீட்டாகப் போய்வாருங்கள். பிறப்பு இறப்புப் பிரிவில் வேலை முழுக்க பிரவுசரில்தான் நடக்கிறது. ஆனால் டிஜிட்டல் கையொப்ப டோக்கன் ஒன்று எப்போதும் செருகியிருக்கும், பக்கத்தில் பிரிண்டரும் உண்டு. வரி வசூல் கவுன்டரில் கணினி நாள் முழுதும் ஓடும். வேகம் பெரிதாக வேண்டாம், நின்றுபோனால் மட்டும் வாசல்வரை வரிசை நிற்கும். தபால் பிரிவுக்கு ஸ்கேனர்தான் உயிர். கணக்குப் பிரிவில் இருபது எக்செல் கோப்பு திறந்தபடியே கிடக்கும், அங்கே ரேம் வேண்டும். பொறியியல், நகரமைப்புப் பிரிவுகளில் கட்டட வரைபடங்களை ஆட்டோகேடில் திறக்கிறார்கள். உண்மையில் பெலமான இயந்திரம் கேட்கிற சீட்டுகள் அவை மட்டும்தான், நாற்பதில் நான்கைந்து தேறினால் அதிகம். நாற்பதுக்கும் ஐ7 போட்டால், பிறப்புச் சான்றிதழ் அச்சடிக்கும் மேசையில் பணம் தூங்கும், அதே நேரம் நகரமைப்புப் பிரிவில் மானிட்டர் சின்னது என்று புகார் வரும். இரண்டு வகை போதும். பொது வகை ஒன்று, வரைபட வகை ஒன்று. மூன்றாவது வகைக்குப் போனால் உதிரி பாகங்களில் சிக்கல் வரும்.

இனி பிராசசர். "ஐ5 அல்லது அதற்கு மேல்" என்ற வரிதான் அரசு டெண்டர்களில் அதிகம் ஏமாற்றப்படும் வரி. எந்தத் தலைமுறை என்று எழுதாவிட்டால் கிடங்கில் தேங்கிய பழைய சரக்கு வந்து சேரும். பன்னிரண்டாம் தலைமுறை ஐ3, ஏழாம் தலைமுறை ஐ5-ஐ எளிதாக முந்தும். ஐ3-12100-ல் நான்கு கோர் (கணக்கிடும் மூளை), எட்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழை). ஐ5-7400-ல் நான்கு கோர், நான்கே திரெட். இரண்டையும் பெயரை வைத்து ஒப்பிட்டால் தப்பான இயந்திரம் ஜெயிக்கும். கிகாஹெர்ட்ஸை வைத்து ஒப்பிடுவதும் அதே கதைதான். கட்டமைப்பு மாறினால் அந்த எண்ணுக்கு அர்த்தம் மாறிவிடும்.

கம்பெனி பெயர் போடுவது வெளிநாட்டிலும் பஞ்சாயத்து ஆகியிருக்கிறது. 2004-ல் ஜெர்மனி, இத்தாலி போன்ற நாடுகளின் அரசு டெண்டர்களில் இன்டெல் சிப்தான் வேண்டும் என்றோ, குறிப்பிட்ட கடிகார வேகம் (அதே கிகாஹெர்ட்ஸ்) வேண்டும் என்றோ எழுதியதற்காக ஐரோப்பிய ஆணையம் அந்நாட்டு அரசுகள் மீது நடவடிக்கை தொடங்கியது. அதற்குப் பின்தான் பெஞ்ச்மார்க், அதாவது ஒரே சோதனையை ஓட்டி வேகத்தை அளக்கும் மதிப்பெண் கேட்கும் பழக்கம் பரவலானது. பெஞ்ச்மார்க்கும் சண்டைக்கு அப்பாற்பட்டதல்ல. சிஸ்மார்க் 2012 என்ற சோதனை எங்களுக்குப் பாதகமாகக் கட்டப்பட்டிருக்கிறது என்று சொல்லி ஏ.எம்.டி 2011-ல் அதை உருவாக்கும் பாப்கோ அமைப்பை விட்டே வெளியேறியது. என்விடியாவும் வியாவும் விலகின. எனவே மதிப்பெண் கேட்டால் எந்தச் சோதனை, எந்தப் பதிப்பு, எந்தத் தேதி நிலவரம், குறைந்தபட்சம் எவ்வளவு என்ற நான்கையும் எழுதுங்கள். இணையத்தில் வரும் சராசரி மதிப்பெண் வாரத்துக்கு வாரம் ஆடும். தேதி இல்லாவிட்டால் தோற்றவர் அதையே பிடித்துக்கொண்டு முறையீட்டுக்குப் போவார். மதிப்பெண்ணோடு, சிப் இத்தனாம் ஆண்டுக்குப் பின் சந்தைக்கு வந்ததாக இருக்க வேண்டும் என்றும் சேர்த்தால் இன்டெல், ஏ.எம்.டி இருவரும் உள்ளே வரலாம், பழைய சரக்கு வராது.

ரேம் 8 ஜிபி இன்றைக்கு ஓடும், ஐந்து வருஷம் ஓடாது. பொது வகைக்கும் 16 கேட்பதுதான் என் கருத்து. பட்ஜெட் இடிக்கிறது என்றால் 8 ஜிபி ஒரே கார்டாக, இன்னொரு ஸ்லாட் காலியாக என்று எழுதுங்கள். "8 ஜிபி" என்று மட்டும் எழுதினால் 4+4 போட்டு இரண்டு ஸ்லாட்டையும் அடைத்துத் தரலாம், போர்டிலேயே பற்றவைத்தும் தரலாம். பின்னால் கூட்ட வழியே இருக்காது. சேமிப்புக்கு எஸ்.எஸ்.டி-தான், அதுவும் வேகமான என்.வி.எம்.இ வகை. சுழலும் ஹார்ட் டிஸ்க் போட்ட கணினியில் எந்த பிராசசர் இருந்தாலும் காலையில் ஆன் செய்துவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். பழைய தாளை எடுத்து நகல் அடிக்கும்போது "டி.வி.டி ரைட்டர்" என்ற வரியும் கூடவே வந்துவிடும், பார்த்து எடுத்துவிடுங்கள்.

விண்டோஸ் வேண்டுமா என்பதைத் தனியாக யோசியுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஓட டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சம் வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஏற்காது. உங்களிடம் இருக்கும் பழைய கணினிகளில் எத்தனை அந்தக் கோட்டுக்கு அந்தப்பக்கம் நிற்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். 40 என்ற எண்ணே அங்கிருந்து மாறலாம். பழையவை எல்லாம் குப்பை என்றும் இல்லை. பிரவுசர் மட்டும் ஓடும் சீட்டுக்கு ஒரு எஸ்.எஸ்.டி போட்டு லினக்ஸ் ஏற்றினால் இன்னும் சில வருஷம் உழைக்கும். இது ஒன்றும் விபரீத யோசனை இல்லை. எல்காட் நிறுவனமே 2007 வாக்கில், உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதே 2007-ல் வந்ததுதான். கேரளத்துப் பள்ளிக்கூடங்கள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் ஓடுகின்றன.

ஆனால் லினக்ஸ் என்று முடிவெடுக்கும் முன் ஒரே ஒரு கணினியில் ஏற்றி, கையொப்ப டோக்கன், கைரேகைக் கருவி, ஸ்கேனர், டாட் மேட்ரிக்ஸ் நான்கையும் செருகிப் பாருங்கள். தகராறு வந்தால் டிரைவரில்தான் வரும், எக்செல்லில் வராது. விண்டோஸ்தான் என்றால் "புரொபஷனல்" என்று எழுதுங்கள். எல்லாக் கணினியையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் டொமைனில் ஹோம் பதிப்பைச் சேர்க்க முடியாது. இயந்திரத்தோடு வரும் ஓ.இ.எம் உரிமம் அந்த இயந்திரத்தோடே போய்விடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

தமிழ் தட்டச்சை யாரும் ஸ்பெசிபிகேஷனில் நினைப்பதில்லை. தமிழ்99 விசைப்பலகை 1999-ல் அறிவிக்கப்பட்டது. 2010-ல் யூனிகோடும் டேஸ்16 என்ற தமிழ் எழுத்துக் குறியீட்டு முறையும் தரமாக அரசாணை வந்தது. ஆனாலும் தட்டச்சு ஹையர் முடித்து வந்த மூத்த டைப்பிஸ்ட்டின் விரல் பழைய டைப்ரைட்டர் அமைப்பில்தான் ஓடும், அவர் விசையைப் பார்ப்பதே இல்லை. புதிதாக வந்தவருக்குத் தமிழ் எழுத்து அச்சிட்ட விசைப்பலகை உதவும். ஸ்டிக்கர் ஒட்டினால் ஆறு மாதத்தில் தேய்ந்து பிசுபிசுக்கும். எழுத்துரு, விசைப்பலகை மென்பொருளை நிறுவித் தர வேண்டும் என்று வழங்குநர் பொறுப்பில் ஒரு வரி சேருங்கள். இல்லாவிட்டால் நாற்பது இயந்திரத்துக்கும் அதைச் செய்யப்போவது நீங்கள்தான்.

பிரிண்டரில்தான் அரசுப் பணம் சத்தமில்லாமல் ஒழுகுகிறது. டெண்டரில் இயந்திரத்தின் விலை மட்டும் ஒப்பிடப்படுகிறது, டோனர் அடுத்த நான்கு வருஷத்துக்கு சில்லறைச் செலவாகப் போகிறது. ஒரு கணக்குக்காக எடுத்துக்கொள்ளுங்கள்: 12,000 ரூபாய் பிரிண்டர், 3,000 ரூபாய் டோனர், 1,500 பக்கம் வரும். பக்கத்துக்கு 2 ரூபாய். மாதம் 3,000 பக்கம் அடிக்கும் பிரிவில் வருஷத்துக்கு 72,000. இன்னொன்று 35,000 ரூபாய், டோனர் 7,000, வருவது 10,000 பக்கம். பக்கத்துக்கு 70 பைசா, வருஷத்துக்கு 25,200. எல்-1 பட்டியலில் முதலாவதுதான் ஜெயிக்கும். முதல் ஆறு மாதத்துக்குள்ளேயே அது இரண்டாவதைவிட அதிகமாகத் தின்றுவிடும். இதைத் தடுக்க, டோனர் விலையையும் சேர்த்து இத்தனை பக்கத்துக்கான மொத்தச் செலவில் ஒப்பீடு என்று டெண்டரிலேயே அறிவியுங்கள். பக்க எண்ணிக்கையை ஐ.எஸ்.ஓ 19752 தரப்படி கேளுங்கள். பெட்டியோடு வருவது முழு டோனராக இருக்க வேண்டும், பாதி நிரப்பிய "ஸ்டார்ட்டர்" கூடாது என்றும் எழுதுங்கள். மேசைக்கு ஒரு குட்டி பிரிண்டர் என்ற கௌரவத்தை விட்டு, பிரிவுக்கு ஒரு நெட்வொர்க் பிரிண்டர், இரண்டு பக்கமும் அடிப்பது, வைத்தால் செலவு இறங்கும். கொஞ்ச நாள் முணுமுணுப்பு இருக்கும். கவுன்டரில் கார்பன் நகலோடு ரசீது அடிப்பதாக இருந்தால் டாட் மேட்ரிக்ஸ்தான். தமிழில் அடிக்கிறீர்கள் என்றால் 24 ஊசி கேளுங்கள், 9 ஊசியில் கொம்பும் சுழியும் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும்.

ஸ்கேனர் வாங்கும்போது தானியங்கித் தாள் ஊட்டியின் வேகத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். தபாலில் வரும் புதுக் கடிதத்துக்கு அது சரி. பதிவறையிலிருந்து வரும் கோப்பை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். மெல்லிய தாள், ஓரம் பொடிந்திருக்கும், மூலையில் நூல் கோத்த ஓட்டை கிழிந்து வாயைப் பிளந்திருக்கும், எங்கோ ஒரு குண்டூசி துருப்பிடித்து ஒட்டியிருக்கும். இதை ஊட்டியில் வைத்தால் தாளும் போகும், ரோலரும் போகும். தட்டையான கண்ணாடிப் பரப்பும் சேர்ந்த வகையாகக் கேளுங்கள். ரோலர் தேய்பொருள் என்று சொல்லி வாரண்டியிலிருந்து விலக்குவார்கள், அதன் விலையையும் டெண்டரிலேயே வாங்கிவையுங்கள். இ-ஆபீஸ் என்ற அரசுக் கோப்பு மென்பொருளில் இடப்பக்கம் கடிதம், வலப்பக்கம் குறிப்பு என்று வைத்து வேலை செய்யும் சீட்டுகளுக்கு 24 அங்குல மானிட்டர் கொடுத்தால், பிராசசருக்குக் கூடுதலாகச் செலவழித்ததைவிட வேலை வேகமாக நடக்கும்.

மின்சாரத்துக்கு வருவோம். "3 கே.வி.ஏ யு.பி.எஸ், 30 நிமிட பேக்கப்" என்று எழுதினால் எந்தச் சுமையில் 30 நிமிடம் என்பதை விற்பவரே தீர்மானித்துக்கொள்வார். ஒரு கணினியும் மானிட்டரும் சேர்ந்து சாதாரண வேலையில் 70 முதல் 90 வாட் இழுக்கும். பத்து சீட்டுக்கு 900 வாட் வைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட், 26 ஆம்பியர்-மணி பேட்டரி எட்டு போட்டால் ஏட்டில் 2,496 வாட்-மணி. இழப்பெல்லாம் போக அந்தச் சுமைக்கு ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் வரும். அவ்வளவு தேவையா, பாதி போதுமா என்று உங்கள் ஊர் மின்தடையைப் பார்த்து முடிவு செய்து, சுமை, நிமிடம், மொத்த வி.ஏ.எச் (பேட்டரிகளின் வோல்ட் × ஆம்பியர்-மணி) மூன்றையும் எழுதுங்கள். பேட்டரிக்குத் தனி வாரண்டி கேளுங்கள். ஏசி இல்லாத அறையில், 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஈய-அமில பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. நம்மூர் ஏப்ரல், மே மாதங்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை.

லேசர் பிரிண்டரை யு.பி.எஸ்ஸில் மாட்டாதீர்கள். மைப்பொடியைத் தாளில் உருக்கி ஒட்டும் அதன் ஃபியூசர் சூடேறும் நொடியில் நூற்றுக்கணக்கான வாட் ஒரேயடியாக இழுக்கும், யு.பி.எஸ் கத்திவிட்டு அணையும், பத்து பேர் தட்டிக்கொண்டிருந்தது போகும். வயரிங் செய்யும்போதே பிரிண்டர் பிளக்கைத் தனி லைனில் கொடுக்கச் சொல்லுங்கள். எர்த் பார்க்காமல் ஒரு பெட்டியையும் பிரிக்கவிடாதீர்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தால் இரண்டு மூன்று வோல்ட்டைத் தாண்டக் கூடாது. பழைய கட்டடங்களில் பதினைந்து இருபது காட்டும். அதோடு விட்டால், போர்டு எரிந்ததற்கு "சைட் கண்டிஷன்" என்று எழுதிவிட்டு சர்வீஸ் இன்ஜினியர் போய்விடுவார். இன்னொன்றும் உண்டு. சிரிக்காதீர்கள், பல்லி. பின்பக்கத்தில் மூடாத ஸ்லாட் ஒன்று இருந்தால் கதகதப்புக்கு உள்ளே போய், கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்ஸோடு சேர்ந்து கருகும். எல்லா ஸ்லாட்டுக்கும் மூடித் தகடு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆல்-இன்-ஒன் அழகாக இருக்கும், ஆணையர் அறைக்கு வாங்குங்கள். பிரிவுகளுக்கு வேண்டாம். திரை போனால் கணினியும் சேர்ந்து வண்டி ஏறும். சர்வர் வாங்கும் யோசனை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள், மாநிலத் தரவு மையம் இருக்கிறது.

சட்டப்படி கேட்க வேண்டிய தாள்கள் சில. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு எண் கணினி, மானிட்டர், அடாப்டர் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே இருக்க வேண்டும். 2020 ஜூலையில் பொது நிதி விதி 144-ல் சேர்ந்த உட்பிரிவு, இந்தியாவோடு நில எல்லை உள்ள நாடுகளின் நிறுவனங்கள் உரிய அமைப்பில் பதிந்தால்தான் டெண்டரில் கலந்துகொள்ளலாம் என்கிறது. அது மாநிலங்களுக்கும் விரிக்கப்பட்டது. மேக் இன் இந்தியா முன்னுரிமை ஆணையில், 2020 செப்டம்பர் திருத்தப்படி, உள்நாட்டுப் பங்கு 50 சதவீதமும் மேலும் இருந்தால் முதல் வகுப்பு வழங்குநர், 20-க்கு மேல் 50-க்குள் இரண்டாம் வகுப்பு. எது உங்கள் டெண்டருக்குப் பொருந்தும் என்று கணக்குப் பிரிவோடு உட்கார்ந்து முடிவு செய்து, அறிவிப்பிலேயே போடுங்கள். பாதியில் சேர்த்தால் வழக்குதான்.

வாரண்டி ஐந்து வருஷம், இடத்துக்கே வந்து சரிசெய்வது, உற்பத்தி நிறுவனத்தின் பெயரிலேயே. டீலரின் லெட்டர்பேடில் வரும் வாரண்டி, டீலர் கடை இருக்கும்வரைதான். அடுத்த வேலைநாள் என்பது எந்த ஊர் வரைக்கும் என்று கேளுங்கள், மாவட்டத் தலைநகரைத் தாண்டினால் பலருக்கு அது மூன்று நாள். தாமதத்துக்கு நாளொன்றுக்கு இவ்வளவு பிடித்தம் என்று எழுதினால்தான் போனை எடுப்பார்கள். பழுதான எஸ்.எஸ்.டி-யைத் திருப்பித் தரமாட்டோம், எங்களிடமே இருக்கும் என்ற வரியும் வேண்டும். அதில் ஊர்மக்களின் பிறப்பு விவரமும் வரி விவரமும் இருக்கிறது.

மார்ச் மாதக் கொள்முதலில் ஒரு எச்சரிக்கை. நிதியாண்டு முடிவதற்குள் பில் போட வேண்டும் என்று பெட்டிகளை இறக்கி ஸ்டோரில் அடுக்கிவிடுவார்கள், பிரிப்பது ஆகஸ்டில். அதற்குள் வாரண்டியில் ஐந்து மாதம் போயிருக்கும், சார்ஜ் ஏறாமல் கிடந்த பேட்டரியும் நலிந்திருக்கும். வாரண்டி நிறுவிய தேதியிலிருந்து என்று எழுதுங்கள். எழுதியதோடு நில்லாமல், நான்கைந்து சீரியல் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு முடிவுத் தேதியைப் பாருங்கள். சரக்கு வந்ததும் ஏதாவது ஒரு பெட்டியை நீங்களே காட்டி மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். விற்பவர் எடுத்து நீட்டும் பெட்டி வேண்டாம். ரேம் எத்தனை கார்டு, காலி ஸ்லாட் இருக்கிறதா, எஸ்.எஸ்.டி-யின் லேபிளில் என்ன மாடல், எஸ்.எம்.பி.எஸ் எத்தனை வாட் என்று பார்த்து, ஏற்பு அறிக்கையில் எழுதிக் கையெழுத்து வாங்கியபின்தான் இருப்புப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.

பழைய நாற்பதையும் என்ன செய்வது என்பது இதே கோப்பில் இருக்கட்டும், இல்லாவிட்டால் அவை மாடிப்படிக்கு அடியிலேயே கிடக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு மேலாண்மை விதிகள் 2022-ன்படி, ஓராண்டில் எப்போதாவது 1,000 கருவிகளுக்குக் குறையாமல் பயன்படுத்திய அமைப்பு மொத்த நுகர்வோர் ஆகும். தன் மின்கழிவைப் பதிவு பெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பாளர் அல்லது மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும். நகராட்சி அந்த எண்ணிக்கையை எட்டாமல் இருக்கலாம், ஆனாலும் காயலான் கடைக்கு ஏலம் விடாதீர்கள். கணினியைக் கண்டம் செய்யும் (பயனற்றது என்று ஒதுக்கும்) முன் டிஸ்க்கைத் துடைத்த சான்று கோப்பில் சேர வேண்டும். ஹார்ட் டிஸ்க்கைக் காந்தம் வைத்து அழிக்கலாம், எஸ்.எஸ்.டி-க்கு அது பலிக்காது. அதன் நிறுவனம் தரும் அழிப்பு மென்பொருளை ஓட்டுங்கள், இல்லையேல் சிப்பையே உடைத்துவிடுங்கள்.